காதில் இல்லாத காதுவலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் காதுவலி பற்றி எழுதியிருந்தீர்கள். சளி, சீழ், குரும்பி எல்லாம் வந்தது. காதை ஒட்டி முன்னால் இருக்கும் தாடை மூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மூட்டு வலிக்குத்தான் எங்கள் பக்கத்தில் பலர் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவி கொட்டாவி விட்டால் 'டக்'கென்று பக்கத்தில் இருக்கிற எனக்கே கேட்கும். அப்புறம் வலியும் சேர்ந்துகொண்டது. காலையில் கன்னம் இறுகி, நெற்றிப்பொட்டு வரை இழுக்கும். காது மருத்துவர், காதில் ஒன்றுமில்லை என்றார். ஆத்தா, சுளுக்கு வழிக்கிறவரிடம் போகச் சொன்னார். தனியார் பல் மருத்துவமனை ஒன்றில், பற்களைத் தேய்த்துக் கம்பி போட வேண்டும் என்று பெரிய தொகை கேட்டார்கள். இந்த வயதில் கம்பியா என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். மாவட்டம் வேறு என்றாலும் எங்களுக்குத் திருமயம் வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே மருத்துவர் இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடச் சொன்னார். அவளுடைய மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விடச் சொன்னார், இரண்டுதான் நுழைந்தது. கடைவாய்ப் பற்கள் மழுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பல்லைக் கடிக்கிறார்களா?" என்று என்னைக் கேட்டார். நறநறவென்று கடிப்பாள்.

மூட்டுக்குள் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறதாம். விலகிய தட்டு, வாய் திறக்கும்போது தன் இடத்துக்கு வருகிற சத்தம்தான் அந்த 'டக்'. வலியில்லாமல் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் மருத்துவமே தேவையில்லை. வலி இருந்தாலும் பலருக்கு மிருதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, கொஞ்ச நாள் வலி மாத்திரை, ராத்திரி பல்லுக்கு ஓர் உறை, இவையே போதும். அறுவை சிகிச்சை அபூர்வம். தேய்த்த பல் திரும்ப வளராது, அதனால் இதற்காகப் பல்லைத் தேய்க்க அவசரப்படக் கூடாது.

செட்டிநாட்டில் மிருதுவான சாப்பாடு என்பது சின்னத் தண்டனை இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்தில் சீப்புச் சீடையும் மனகோலமும் தட்டு தட்டாக வர, இவள் பால் பணியாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணு ஆச்சி" என்று நீட்டாதவர்கள் இல்லை. இப்போது வலி பெருமளவு குறைந்துவிட்டது. சத்தம் மட்டும் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

வாய் திடீரென்று பூட்டிக்கொண்டால் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், புற்றுநோய்க்கும் வழிவிடக்கூடியது. உடனே காட்ட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுத வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் 'பல் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே 'தாடை மூட்டு வலிக்கும் இங்கே வரலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சுகாதாரத் துறைக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கானாடுகாத்தான்.