ஏழு ஆஸ்கார் வாங்கிய பாலம்

அன்புள்ள மலர்,

லண்டனில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' பார்த்துவிட்டு "பிரமாதம் அப்பா" என்று எழுதியிருந்தாய். பிரமாதம்தான். 1957 அக்டோபரில் நீ இருக்கும் அந்த ஊரில்தான் அது முதன்முதலாகத் திரைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் ஏழு ஆஸ்கார். சிறந்த படம், இயக்குநர் டேவிட் லீன், நடிகர் அலெக் கின்னஸ் என்று அள்ளிக்கொண்டு போனது. ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கந்தல் சட்டையும் பிய்ந்த பூட்ஸுமாகச் சீட்டியடித்தபடி கைதி முகாமுக்குள் வரும் இடத்தில் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

திரைக்கதைக்கான ஆஸ்கார், நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் புலுக்குப் போனது. உண்மையில் திரைக்கதை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மேனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி ஹாலிவுட் ஒதுக்கி வைத்திருந்ததால் அவர்கள் பெயரைப் போடவில்லை. 1984-ல்தான் அகாடமி அந்த விருதை அவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்தது. விருதைக் கொடுப்பதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்கள் பெயராவது திரும்பி வந்தது. நம் ஆட்களின் பெயர்?

படத்தில் நீ பார்த்தது இலங்கையின் களனி ஆறு. நிஜப் பாலம் இருந்தது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போட்ட ரயில் பாதையில். அந்தப் பாதை சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மா வரை, 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள், அப்புறம் ஆள் பிடித்தார்கள். இலவசப் படம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைப் பூட்டி, அப்படியே ரயிலேற்றினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கைதிகளோடு ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், கணக்கு எழுத அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதெல்லாம் ஏது? காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். புல்லை ஒட்ட வெட்டி, கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது.

அந்தப் படத்தை நான் வெறுக்கவில்லை. ஆனால் உலகம் அந்தப் பாதையைத் தெரிந்துகொண்டதே அந்தப் படத்தால்தான், அதில் நம்மவர்களுக்கு இடமில்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அத்தைப் பாட்டியின் மூத்த அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. பாட்டிக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது, லாரி வந்த நாள், யார் யார் ஏறினார்கள் என்பதுவரை. தீபாவளிக்கு வரும்போது உன் கேமராவையும் நல்ல மைக்கையும் எடுத்து வா. பாட்டிக்குக் காலையில்தான் தெம்பு இருக்கும், அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். ஏறியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்