வேலியோரம் பத்தடியை விட்டுவிடுங்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருப் பூங்காவில் போன மாதம் நடந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். வேலியோரம் நின்ற ஆவாரை, தும்பை, துளசி எல்லாம் 'புதர்' என்ற ஒரே பெயரில், ஒரே காலையில் பொக்லைனுக்குப் போய்விட்டன. இப்போது அங்கே புல்தரையும் காகிதப்பூவும் இருக்கின்றன. அந்தக் காகிதப்பூவில் ஒரு தேனீ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

தும்பையில் காலை வெயில் ஏறும்போது கொசுத்தேனீயும் அடுக்குத்தேனீயும் மொய்க்கும். ஆவாரம்பூவுக்கு வருவது பெரும்பாலும் கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கருந்தேனீ. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவை இறுகப் பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்த்துக்கொள்ளும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது.

கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் அதே மாதிரிதான். எங்கள் மொட்டை மாடியில் அம்மா எட்டுத் தொட்டியில் கத்தரி வைத்திருக்கிறார். ஆவாரைக்கு வந்த வண்டுகள் அப்படியே மாடிக்கும் வந்துபோகும். இப்போது வருவதில்லை. பூ நிறைய வைக்கிறது, பாதிக்கு மேல் காய் பிடிக்காமலே உதிர்கிறது. எழுபது வயது அம்மா தினமும் காலையில் ஒவ்வொரு பூவாக விரலால் சுண்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார். வண்டு செய்துகொண்டிருந்த வேலை, ஐயா.

வேலியோரம் பத்தடி அகலம் போதும். அதை ஆவாரைக்கும் தும்பைக்கும் விட்டுவிடுங்கள்.

தை பிறக்கும் முன்பு காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு வைக்கும் ஆவாரம்பூவை அந்த வேலியில்தான் பறிப்போம். இனி சந்தையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று புளியும் வேம்பும் போயின. சித்திரையில் பூத்து தேனீ இரைச்சலாக இருக்கும் புங்கனும் போனது. அப்போதும் எங்களை யாரும் கேட்கவில்லை. ஊரில் தானாக முளைப்பதெல்லாம் உங்கள் அலுவலகத்துக்குக் குப்பையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அந்தப் பத்தடி. அங்கே களைக்கொல்லி அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஆவாரை விதை என்னிடம் ஒரு படி இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அனுமதி கொடுத்தால் நாங்களே விதைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு எதிர்வீட்டுக்காரர்