திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மின்சார ரயில் ஏறி, ஏரிக்கரை, குன்றடிவாரம், வயல்வரப்பு என்று நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்ப நினைக்கும் சென்னைக்காரர்களில் நானும் ஒருத்தி. என்னிடம் கார் இல்லை. இருந்தாலும் இதற்கு எடுத்துப்போக மாட்டேன். காரை விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். ரயிலில் போனால் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, மனம்போல் நடந்து, வேறொரு ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம்.

மலையேற்றம் என்றாலே கொடைக்கானல், குமுளி என்று பேசுகிறோம். கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பல்லாவரத்தில் இறங்கினால், 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவி கண்டெடுத்த மண்ணில் நிற்கிறோம். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே அங்கேதான். அங்கிருந்து திருநீர்மலைக்கு மாநகரப் பேருந்து உண்டு. சிங்கப்பெருமாள் கோவிலில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்திலேயே குடைவரைக் கோயிலும், பௌர்ணமிதோறும் ஜனங்கள் சுற்றிவரும் சின்னக் குன்றும் இருக்கின்றன. செங்கல்பட்டில் இறங்கினால் கொளவாய் ஏரி. சற்றே தள்ளி வல்லம் குடைவரைக் கோயில். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் கீழிருந்த வயந்தப்பிரியரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்த தேவகுலம் என்று கல்லிலேயே தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்து எழுத்தைப் பார்க்க அந்தப் பாறைப்படிகளில் ஏறிப்போகும்போது பெரும்பாலும் கூட யாரும் வருவதில்லை, ஆடு மேய்ப்பவரைத் தவிர. இன்னொரு பஸ் பிடித்தால் திருக்கழுக்குன்றம் மலைக்கோயில், 565 படி.

தெற்கே இன்னும் போனால் மதுராந்தகம். ஏரிக்கரையே ஒரு நடைபாதை. கரை உடையாமல் ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்றதை அந்தக்கால ஆங்கிலேயக் கலெக்டர் லயனல் பிளேஸ் பார்த்ததாகச் சொல்லும் கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பிளேஸிடம்தான் வேடந்தாங்கல் ஜனங்கள் தங்கள் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதாக முறையிட்டு, 1798இல் காவல் உரிமை வாங்கினார்கள். அதிகாரிக்கு மனு எழுதினால் பலன் உண்டு என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிற தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மேற்கே திருவள்ளூர் ஸ்டேஷன். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி நீர்த்தேக்கம். பக்கத்தில், மனிதர் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லைச் செதுக்கிய அத்திரம்பாக்கம். காட்டுக்குள் குடியம் குகைகள். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கிறது. இத்தனையும் ஒரு ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

போவது சுலபம். சிக்கல் திரும்பி வருவதில். கிராமத்துத் தடங்களில் பஸ் எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாயங்காலம் ஊருக்குள் வரும் கடைசி வண்டி பல இடங்களில் ‘நைட் ஹால்ட்’. அது ஊரிலேயே தங்கி மறுநாள் காலையில்தான் கிளம்பும். ஆக, எதிரில் பஸ் வருவதைப் பார்த்து நிம்மதியாகும் வெளியூர்க்காரருக்கு அதில் திரும்ப முடியாது. நிறுத்தத்தில் நேரப் பலகை அபூர்வம். பஸ் நேரம் முழுவதும் டீக்கடைக்காரர் தலையில் இருக்கிறது. கடை சாத்தியிருந்தால் அதுவும் போச்சு. மின்சார ரயிலுக்கு ஞாயிறு அட்டவணை தனி. அன்றைக்குத்தான் நாங்கள் நடக்கக் கிளம்புகிறோம்.

பெண்களுக்கு இது இன்னும் உறைக்கும். 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் காடு கரை பார்க்கக் கிளம்பிய அம்மாமார்களை நானே பார்க்கிறேன். ஆனால் விளக்கில்லாத நிறுத்தத்தில், பஸ் வருமா வராதா என்று தெரியாமல், பொழுது சாயும் நேரத்தில் நிற்க எந்த அம்மா ஒப்புவாள்? கடைசியில் ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்து வருகிறோம். அதற்குப் பிறகு பலர் வருவதேயில்லை.

உங்களைக் கேட்கக் காரணம் இருக்கிறது. பஸ் ஒருவர் கையில், ரயில் ஒருவர் கையில், மெட்ரோ இன்னொருவர் கையில். மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதற்காகவே 2010ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் குழுமத்தை உண்டாக்கியது. பெருநகரப் பகுதியும் 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. விரிந்த பகுதியில் பெரும்பாலும் ஏரியும் வயலும் குன்றும்தான். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலி பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் கொடுக்கிறது. அலுவலகம் போகிறவருக்கு அது பெரிய உதவி. அதே செயலியில், ஒரு கிராம நிறுத்தத்திலிருந்து நகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸும், அது போய்ச் சேரும் ஸ்டேஷனில் அடுத்த ரயிலும் தெரியும்படி செய்யுங்கள். டவர் கிடைக்காத ஊர்களும் உண்டு. அங்கே நிறுத்தத்துத் தூணில் பெயின்டில் எழுதினாலே போதும். புது பஸ் கேட்கவில்லை. ஓடுகிற பஸ்ஸின் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

நடப்பவர்களுக்காக இவ்வளவா என்று யாராவது கேட்டால் திருவண்ணாமலையைக் காட்டுங்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்குப் பௌர்ணமிதோறும் கிளாம்பாக்கத்திலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுகிறோம், ரயில்வே தனி ரயில் விடுகிறது. 2024 மே மாதம் கடற்கரை–வேலூர் ரயிலைத் திருவண்ணாமலைவரை நீட்டியபோது நடக்கிற ஜனங்கள்தான் முதலில் சந்தோஷப்பட்டார்கள். லட்சக்கணக்கானோரை ராத்திரி முழுக்க நடக்கவிட்டுப் பத்திரமாக வீடு சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, நாலைந்து பேர் கொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு பாரமா?

வனத்துறை பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. அது சரிதான் என்பது என் கட்சி. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவதை வீரம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டம் 40 வழிகளோடு தொடங்கியது. குடியம் குகைகளும் அதில் சேர்ந்தது நல்ல சேதி. வழிகாட்டி கூட வருகிறார், அனுமதி முறையாகக் கிடைக்கிறது. ஆனால் நடை தொடங்கும் இடம்வரை வந்து சேர்வது அவரவர் பாடு. காலையில் அங்கே வந்து சேரும் முதல் பஸ் எதுவோ அதற்குத் தகுந்தபடி புறப்படும் நேரத்தை வைத்தால் கார் இல்லாதவரும் வரலாம். அதோடு, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று ஒரு பலகை வையுங்கள். ஏரிக்கரையோடு போகிறவர் தெரியாமல் வேலி தாண்டி, வனக்காவலரிடம் மாட்டி, இருவருக்கும் சங்கடம்.

எல்லாத் தடத்தையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். வேடந்தாங்கலில் ஆரம்பியுங்கள். படாளம் ஸ்டேஷனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், தரை மட்டம், வழியெல்லாம் வயல். ஒரு பக்கம் நடந்து மறுபக்கம் பஸ்ஸில் வரத் தோதான தூரம். உங்கள் எல்லைக்கோடு அதற்கு முன்பே முடிகிறது என்றால், மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நடப்பவருக்கு அந்தக் கோடு கண்ணில் படாது. நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் வரத் தொடங்கும் நவம்பருக்குள், சரணாலய வாசலிலும் படாளம் ஸ்டேஷனிலும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலும் ஒரே நேரப் பட்டியலை ஒட்டிவிடுங்கள். ஞாயிறு அட்டவணையைத் தனியாக, பெரிய எழுத்தில். கடைசி பஸ்ஸைச் சிவப்பில் எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஞாயிறு தவறாமல் நடக்கும் ஒருத்தி,
மேற்கு மாம்பலம், சென்னை