முருகேசுக்கு, வலது கை விஷயமாக

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியும் பாஞ்சோ வாங்கிய செய்தியும் ஒரே பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து வாழ்த்துகள். ஆனால் பேத்திக்கு நாலு வரி, பாஞ்சோவுக்கு மூன்று பக்கம் என்று எழுதியிருக்கிறாயே, இதை உன் மகள் பார்த்தால் என்ன ஆகும்? இங்கே எல்லோரும் நலம். மணிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்கிறான், பேச்சு மட்டும் முன்னைவிட அதிகம். உன்னை விசாரித்தான்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். கடைசியாக நீ கேட்டதற்குத்தான் முதல் பதில். இடது கைக்கு, அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கும் வேலைக்கு, எப்போது போகலாம்? இப்போது வேண்டாம். வேறு வாத்தியம் என்றால் இப்படிச் சொல்லமாட்டேன். ஐந்து தந்தி பாஞ்சோவை நீ ஓப்பன் ஜி-யில் சுருதி கூட்டியிருக்கிறாய்: ஐந்தாவது ஜி, நாலாவது டி, மூன்றாவது ஜி, இரண்டாவது பி, முதலாவது டி. இடது கை எதையும் தொடாமல் தடவினாலே முழு ஜி மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் தொகுதி) வந்துவிடும். அதாவது வலது கை தனியாகவே கேட்கத் தகுந்த ஒன்றை வாசிக்க முடியும். இந்தச் சலுகை வேறு எத்தனை வாத்தியத்தில் கிடைக்கும்? அதை வீணாக்கிவிட்டு, முதல் வாரமே கார்டு பிடிக்கப் போய் இரண்டு கையும் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம்.

தந்தியைச் சுண்ட விரலில் மாட்டும் பிக் பற்றி நீ புலம்பியிருந்தாய். தையற்காரரின் விரலுறையை மாட்டிக்கொண்டு வாசிப்பதுபோல இருக்கிறது, கழற்றிவிடலாமா என்று. ஸ்க்ரக்ஸ் பாணிதான், அதாவது மூன்று விரலில் பிக் மாட்டி வாசிக்கும் முறைதான், வேண்டும் என்றால் கழற்றாதே. அந்தப் பளிச்சென்ற ஒலியில் பாதி அந்த உலோகத்தில்தான் இருக்கிறது. நீ மாட்டும் முறையை மட்டும் ஒருமுறை பார். பிக்கின் தகடு விரலின் சதைப் பக்கம் இருக்க வேண்டும், நகத்தின் பக்கம் அல்ல. நகம் நீண்டதுபோல மாட்டிக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். அப்புறம், கடையில் வாங்கியபடி நேராக இருக்கும் தகட்டை விரல் நுனியின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் வளைத்துக்கொள். நேராக இருந்தால் தந்தியில் மாட்டி இழுக்கும். கழன்று விழுகிறது என்றால் வளையத்தை இறுக்கு. விரல் நுனி மரத்துப்போனால் தளர்த்து. கட்டைவிரல் பிளாஸ்டிக் பிக் தொளதொளவென்றிருந்தால் வெந்நீரில் சற்று முக்கி எடுத்து, விரலுக்கு ஏற்ப அழுத்தி, ஆறவிடு.

கீச்கீச்சென்று உரசுகிறது என்று எழுதியிருக்கிறாய். நாலாவது தந்தியில்தான் அதிகம் என்றால் ஆச்சரியமில்லை, அது மேலே கம்பி சுற்றிய தந்தி. தகடு சாய்ந்து, அதன் ஓரம் தந்தியில் படுகிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே வளைத்து, முழங்கையிலிருந்து கையைச் சற்றே திருப்பிப் பார். தகட்டின் முகம் தந்தியில் தட்டையாகப் படும் கோணம் ஒன்று வரும். வந்தவுடன் உரசல் நின்றுவிடும், உனக்கே தெரியும்.

பிக்கே பிடிக்கவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. கிளாஹாமர் என்பார்கள். அதில் விரல் மேல்நோக்கிச் சுண்டுவதில்லை. நகத்தின் முதுகால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு, கட்டைவிரலால் ஐந்தாவது தந்தியை எடுப்பார்கள். ஸ்க்ரக்ஸ் பாணியைவிட மிகப் பழையது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்கள் அகொண்டிங் என்ற வாத்தியத்தைக் கிட்டத்தட்ட இதே முறையில்தான் வாசிக்கிறார்கள், அதிலும் கட்டைவிரலுக்கென ஒரு குட்டைத் தந்தி உண்டு. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அமெரிக்கக் கண்டத்தில் உருவாக்கியதுதானே. எனக்குக் கிளாஹாமரும் பிடிக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பழகாதே. கை குழம்பிவிடும்.

சுண்டுவிரல், மோதிர விரல் இரண்டையும் பாஞ்சோவின் தோலின்மேல் ஊன்றி வைக்கச் சொன்னார்கள், மோதிர விரல் எழும்பிவிடுகிறது என்கிறாய். நடுவிரலோடு அது ஒட்டிப்பிறந்தது மாதிரி. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அதோடு சண்டை போடாதே. இரண்டும் நின்றால் நல்லது, சுண்டுவிரல் மட்டும் நின்றாலும் போதும். நன்றாக வாசிப்பவர்களிலேயே இரண்டு வகையும் உண்டு. முக்கியம் என்னவென்றால், ஊன்றுவது என்றால் அழுத்துவது அல்ல. அழுத்தினால் முன்கை இறுகும், இறுகினால் வேகம் எந்தக் காலத்திலும் வராது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும், கழுத்துப் பக்கம் நகர்ந்தால் மென்மையாகும். இப்போதைக்குப் பிரிட்ஜுக்கு அருகிலேயே ஓர் இடத்தை முடிவு செய்துகொள்.

இனி ரோல், அதாவது விரல்கள் மாறிமாறித் தந்திகளைச் சுண்டும் வரிசை. பல பேர் பத்துப் பதினைந்து ரோல்களைப் பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். உனக்கு இப்போது ஒன்று போதும்: 3-2-5-1-4-2-5-1 (எண்கள் தந்திகளைக் குறிக்கும்). விரல்கள் கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு; மறுபடியும் அதே. கவனித்தால், ஒன்று விட்டு ஒன்று கட்டைவிரல்தான். 3, 5, 4, 5 என்று அது மட்டும் நாலு முறை இடம் மாறுகிறது. நீ தவறான தந்தியைத் தட்டுவதாக எழுதியிருந்தாயே, அது இங்கேதான். ஆகவே மற்ற இரண்டு விரலையும் நிறுத்திவிட்டு, கட்டைவிரலை மட்டும் 3, 5, 4, 5 என்று தனியாக ஓட்டிப் பார். கை முழுவதும் நகரக் கூடாது, கட்டைவிரல் மட்டும் நகர வேண்டும். இன்னொன்று, ஐந்தாவது தந்தி குட்டை, சுருதி உயரம், அதனால் மென்மையாகத் தொட்டாலே காதில் குத்தும். மற்றதைவிட அதை மென்மையாகவே எடு. அது எப்போதும் பின்னணியில் இருக்க வேண்டியது.

இது பழகியபின் ஃபார்வர்டு ரோலுக்கு வா. கட்டை, ஆள்காட்டி, நடு என்று மூன்று மூன்றாகச் சுற்றும், எட்டு ஸ்வரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் கடைசியில் இரண்டு. தகிட தகிட தக என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசி. எண் சொல்லி எண்ணுவதைவிட இது எனக்கு வெகு சீக்கிரம் பிடிபட்டது. எந்த ரோலானாலும் ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வரக் கூடாது என்பதுதான் அடிப்படை. மெதுவாக வாசிக்கும்போது ஒரே விரலால் சமாளிக்கலாம், வேகம் கூடினால் அந்த விரல் திரும்பி வர நேரம் இருக்காது.

வேகம் பற்றி நீ ரொம்பக் கவலைப்படுகிறாய். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வை, ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம். அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். கைபேசியில் பதிவு செய்து கேள். வாசிக்கும்போது சமமாகத் தோன்றுவது கேட்கும்போது நொண்டும். பெரும்பாலும் நடுவிரல்தான் அவசரப்படும் அல்லது அடங்கிப்போகும். இந்தப் பாணிக்குப் பெயர் தந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸுக்கு முன்பே வட கரோலினாவில் மூன்று விரலால் வாசித்தவர்கள் இருந்தார்கள். 1945 கடைசியில் பில் மன்ரோவின் இசைக்குழுவில் சேர்ந்து ஸ்க்ரக்ஸ் வாசிக்கத் தொடங்கியபோது ஊரே திரும்பிப் பார்த்ததற்கு வேகம் மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஒரே அளவு இடைவெளியில் விழும். பழைய ஒலிப்பதிவுகளை வேகம் குறைத்துக் கேட்டுப் பார், அந்த ஒழுங்கு அப்போதும் குலையாது.

உட்கார்ந்து வாசித்தாலும் தோள்பட்டை வாரை மாட்டிக்கொள். இல்லாவிட்டால் வாத்தியம் சரியாமல் இருக்க வலது முன்கையே அதை அழுத்திப் பிடிக்கும், விரலுக்குச் சுதந்திரம் போய்விடும். முன்கை வலித்தால் நிறுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதெல்லாம் இந்த வயதில் நமக்கு வேண்டாம்.

குழந்தை தூங்கும் வீட்டில் இந்தச் சத்தத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பின்பக்கம் திறந்த பாஞ்சோ என்பதால் சுலபம். தோலுக்கும் உள்ளே குறுக்கே போகும் கம்பிக்கும் நடுவில் ஒரு சிறிய துணித் துண்டை மடித்துச் செருகு. ஒலி நன்றாக அடங்கும், விரலுக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. பிரிட்ஜில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்வவிட்டாலும் ஓரளவு குறையும்.

அந்த முதல் ரோலை 60-இல் பதிவு செய்து அனுப்பு. பேத்தியின் படத்தையும்தான், உன் மகளுக்குப் பயந்து கேட்கிறேன்.

அன்புடன்,
ராகவன்