நெல் தூற்றும் மிஷின்: ஞாயிறு காலை களத்துக்கு வாங்க

அனைவருக்கும் வணக்கம்.

சம்பா அறுவடைக்காக நம் பொது மிஷினைச் சரிபார்த்துக் களத்தில் இறக்கியாச்சு. ஜனவரி 18, ஞாயிறு காலை 7 மணிக்கு ஓட்டம் ஆரம்பம். கொள்முதல் நிலையத்தில் மண், கல் 1 சதவீதம், வைக்கோல் தூசி 1 சதவீதம், ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் பொதுவாக ஏற்பார்கள். தூற்றாமல் கொண்டுபோய் வரிசையில் நிற்க வேண்டாம்.

1. நெல்லைக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். ஈர நெல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும், பதரும் சரியாகப் பிரியாது.

2. மேல் சல்லடையில் வைக்கோல் நின்றுவிடும், கீழ்ச் சல்லடை வழியாக மண்ணும் புல் விதையும் இறங்கும், பதரை விசிறி வெளியே தள்ளும். பதர் விழும் இடத்தில் அடிக்கடி ஒரு கை அள்ளிப் பாருங்கள். கனத்த மணியும் அதில் கிடந்தால் காற்று அதிகம். உடனே குறைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் நெல்.

3. விதைநெல்லுக்கு முதல் முறை. மிஷின் உள்ளே வேறு ரகம் ஒரு பிடி தங்கியிருந்தாலும் கலப்பாகிவிடும். துடைத்த பிறகே கொட்ட வேண்டும்.

4. பெல்ட் பக்கம் துண்டு, தொங்கும் முந்தானை கூடாது. பிள்ளைகளை அழைத்து வராதீர்கள். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

5. தார்ப்பாய், சாக்கு அவரவர் கொண்டு வரவும்.

என்ன ரகம், எத்தனை மூட்டை என்று மாட்டுப் பொங்கல் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். அதை வைத்துத்தான் முறை பிரிப்போம்.