பொலோன்யாவில் குடை வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

மீட்டிங் மத்தியானமே முடிந்துவிடும், ராத்திரி ரயிலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கையில் இருக்கும், இத்தாலியில் அந்தப் பொலோன்யாவில் என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். நானும் அப்பாவும் வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகிற வழியில் அங்கே கழித்ததும் ஒரே ஒரு சாயங்காலம்தான். அதனால் தைரியமாகவே சொல்கிறேன்: யாரோ உனக்கு அனுப்பிய அந்த நீளமான பட்டியலைத் தூக்கிப் போடு. அந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும்.

பெட்டியை ஸ்டேஷனிலேயே காசு கொடுத்து வைத்துவிடு. வெளியே வந்ததும் சுவரில் 10:25-இல் நின்றுபோன கடிகாரம் ஒன்று இருக்கும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதே. 1980 ஆகஸ்ட் 2 அன்று வெயிட்டிங் ரூமில் குண்டு வெடித்து 85 பேர் செத்துப்போன நேரம் அது. வேண்டுமென்றே அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து இண்டிபெண்டென்ஸா தெரு வழியாக நேராக நடந்தால் இருபது நிமிஷத்தில் பெரிய சதுக்கம் வந்துவிடும். மழை பெய்தாலும் கவலையில்லை. நடைபாதைக்கு மேலே வீடுகளே கூரையாக நிற்கும். போர்ட்டிகோ என்கிறார்கள். நகரம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர் வருமாம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆரம்பத்தில் இது இடநெருக்கடியில் வந்த வேலை. பல்கலைக்கழகத்துக்குப் பையன்கள் வந்து குவிய, ஊரில் கூட்டம் பெருக, மாடியைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டி, கீழே மரத்தூண் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள். இவர்கள் 1288-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்: புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே ஆக வேண்டும், குதிரைமேல் வருகிறவன் தலை இடிக்காத உயரத்தில். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு. நம் திண்ணை மாதிரிதான். ஆனால் நம் திண்ணைகளுக்கு எல்லாம் கம்பிக்கதவு போட்டாகிவிட்டது.

பழைய மரத்தூண்களைப் பார்க்க ஆசையிருந்தால் ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் காஸா இஸோலானி என்ற வீட்டுக்குப் போ. ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஓக் மரத் தூண்கள். தொட்டுப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

சதுக்கத்தில் நெப்டியூன் சிலை முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள், நீயும் எடுத்துக்கொள். சான் பெட்ரோனியோ தேவாலயத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார். 1390-இல் ஆரம்பித்த கட்டடம். முகப்பில் கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். இன்றுவரை முடிக்கவில்லை! சாயங்காலம் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள். உள்ளே நுழைய முடிந்தால் தரையில் பதித்த ஒரு நீளக் கோட்டைப் பார். கூரை ஓட்டை வழியாக விழும் வெயில் நடுப்பகலில் அதைத் தாண்டும். 1655-இல் வானியல் அறிஞர் காஸினி போட்ட கோடு. சனிக்கிரக வளையங்களின் இடைவெளிக்குப் பெயர் இருக்கிறதே, அதே காஸினிதான். வெயில் விழுவது உனக்குக் கிடைக்காது, கோடாவது மிச்சம்.

அப்புறம், எதிரே பொடெஸ்டா மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர் சுவரைப் பார்த்து நின்று மெல்லப் பேசினால், இங்கே சொன்னது அங்கே கேட்கும். நடுவில் போகிறவர்களுக்குக் கேட்காது. அப்பாவை அந்த மூலைக்கு அனுப்பிவிட்டு இந்தச் சுவரில் காதை வைத்தேன். பக்கத்தில் ஒரு காதல் ஜோடி என்னென்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சேதி: "பிரஷர் மாத்திரை போட்டியா?" நீ தனியாகப் போகிறாய், ஆபீஸ் சிநேகிதி யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

இரட்டைக் கோபுரங்களைத் தூரத்திலிருந்தே பார்த்தால் போதும். 97 மீட்டர் அஸினெல்லியில் முன்பு ஏறவிடுவார்கள். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் குட்டையான கரிஸெண்டாவின் நிலைமை மோசமாகி, 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள்.

சாப்பாடு முக்கியம். ஏழு, ஏழரைக்கு முன்னால் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், எட்டு மணிக்குமேல் இடம் கிடைக்காது. ரகூ என்ற சாஸில் கறி, டோர்டெல்லினி என்ற குட்டிப் பாஸ்தா மடிப்புக்கு உள்ளேயும் பன்றிக்கறி. நீ டோர்டெல்லோனி என்று கேள், கடைசி எழுத்துகளைக் கவனித்துச் சொல். ரிக்கோட்டா சீஸ் அடைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுப் புரட்டிக் கொடுப்பார்கள். பில்லில் கொபெர்த்தோ என்று ஓரிரு யூரோ கூட இருக்கும். அது மேஜையில் உட்கார்ந்ததற்கு, சண்டைக்குப் போகாதே.

ஜெலாட்டோ சாப்பிடுவாய், தெரியும். அந்தப் படத்தை மட்டும் குடும்ப குரூப்பில் போடாதே. அப்பாவுக்கு இப்போதுதான் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பார்த்தால் உடனே குல்ஃபிக்குக் கிளம்பிவிடுவார்.

அன்புடன்,
அம்மா