பென்சில் ஒடிகிற வகுப்பு

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. முதியோர் இரவு வகுப்புக்கு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரைத் தேடுவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. கறுப்பினப் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கிய அமெரிக்க ஆசிரியை செப்டிமா கிளார்க் அம்மாள் வேண்டுமென்றே வாத்தியார் அல்லாத ஆளைத்தான் பிடித்தார்.

அமெரிக்காவில் தென் கரோலினா, சார்ல்ஸ்டன் பக்கம் ஜான்ஸ் தீவு, 1957 ஜனவரி. வாக்காளராகப் பதிய மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டவேண்டும். கறுப்பின மக்களைக் கழித்துக்கட்ட அதுதான் சல்லடை. அதைத் தாண்டவைக்கத்தான் கிளார்க்கின் வகுப்பு. முன்னால் மளிகைக் கடை, பின்கட்டில் வகுப்பு. வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராது. பாடம் எடுத்த பெர்னிஸ் ராபின்சன் பியூட்டி பார்லர்காரர். தனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று அவர் தயங்கியதே தகுதியாகிப்போனது. பழகிய வாத்தியார் என்றால் அறுபது வயதுக்காரரையும் சின்னப்பிள்ளை மாதிரி அதட்டுவார்.

ராபின்சனும் முதலில் குழந்தைகள் பாடப்புத்தகத்தோடுதான் போனார். அது ஒட்டவில்லை. என்ன வேண்டும் என்று வந்தவர்களையே கேட்டார். கையெழுத்துப் போடவேண்டும், பைபிள் வாசிக்கவேண்டும், மணியார்டர் படிவம் நிரப்பவேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம். வயல் வேலை ஓய்ந்த இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு இரவு, இரண்டிரண்டு மணி நேரம். முதல் வகுப்பில் பெரியவர்கள் 14 பேர்.

பெயர் எழுதப் பழக்கும் முறையைக் கவனி. அட்டையில் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுப்பார்கள். அதன்மேலேயே பென்சிலைத் திரும்பத் திரும்ப ஓட்டவேண்டும், கைக்கு வளைவு பிடிபடும்வரை. கலப்பை பிடித்த கை பென்சிலையும் அப்படியே இறுக்கும், ஒடியும். பேசாமல் அடுத்ததை எடுத்துக் கொடு. அங்கே முகம் சுளித்தால் ஆள் மறுநாள் வரமாட்டார்.

கிளார்க் அம்மாள் 1916-இல் அதே தீவில்தான் 18 வயதில் ஆசிரியையானார். அரசு ஊழியர், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956-இல் மாநிலம் சட்டம் போட்டது. சங்கத்தை விடவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன் என்றார். நாற்பது வருட வேலை, பென்ஷன் இரண்டும் போயின. பென்ஷன் திரும்ப வந்தது 1976-இல்.

பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பில் சேர்ந்தார். அந்தச் சொந்த அணியிலும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், மற்றவர்களையும் தயார்செய்யுங்கள் என்று கிங்குக்கே எழுதினார். அலுவலர் கூட்டத்தில் கிங் அதை வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். எனக்கென்னவோ அம்மாள் சொன்னதுதான் சரி.

உன் வகுப்புக்கு ஆளுக்கு ஓர் அட்டை போதும். பென்சில் மட்டும் கூடுதலாக வாங்கி வை. தையல்கடை அக்கா யாராவது வருவாரா, கேட்டு எழுது.

அன்புடன்,
ராஜு